எஞ்சின் இல்லாத வானம் – 14: பரண்மேல் ஒரு விமானம்

சென்ற வாரம் 1951-ல் நிறுத்தியிருந்தேன். லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில் இருந்த சர்ரே கிளைடிங் கிளப், மூட்டை முடிச்சுகளோடு ஹாம்ப்ஷையரில் இருக்கும் லாஷாமுக்குக் கிளம்புகிற இடம். வாரம் ஐந்து நாள் பயணிகள் விமானங்களுக்கு உழைத்தவர்கள், சனி ஞாயிறு வந்தால் எஞ்சினே இல்லாத விமானத்தைத் தேடி ஓடினார்களே, அந்தக் கதை லாஷாமில்தான் சூடு பிடிக்கிறது. அங்கே போவதற்கு முன் இரண்டு பேரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். ஒருவர் மேலதிகாரி. மற்றவர் கைதி.

முதலில் அதிகாரி.

பிலிப் வில்ஸ் 1907-ல் பிறந்தவர். குடும்பத்துக்குக் கப்பல் சரக்கு வணிகம். முப்பதுகளில் டன்ஸ்டபிள் குன்றுச் சரிவில் கிளைடர் பழகி, போருக்கு முன்பே பிரிட்டனின் உயர, தூரச் சாதனைகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர். போர்க்காலத்தில் ஏ.டி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் அதன் தலைவர் ஜெரார்ட் டெர்லாஞ்சருக்கு அடுத்த நிலையில் இருந்தார். ஏ.டி.ஏ. பற்றி ஏற்கெனவே விரிவாகப் பார்த்துவிட்டோம். தொழிற்சாலையிலிருந்து போர்முனை நிலையத்துக்கு விமானம் ஓட்டிக் கொடுத்த படை, 3 லட்சத்துக்கு மேல் விமானங்கள். அது போதும்.

1946 ஆகஸ்ட் 1. பிரிட்டிஷ் ஐரோப்பியன் ஏர்வேஸ், சுருக்கமாக பி.இ.ஏ., அரசு நிறுவனமாகப் பிறக்கிறது. டெர்லாஞ்சர் அதை நடத்தப் போகிறார். கூடவே தன் பழைய சகா வில்ஸையும் அழைத்துக்கொள்கிறார். தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொது மேலாளர் என்று பதவி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. கையில் இருந்த விமானங்களைப் பார்த்தால்தான் வேலையின் பாரம் தெரியும். போரில் துருப்புகளை ஏற்றிய டகோட்டாக்கள், புதிதாக வந்த வைக்கிங்குகள், இவை போதாமல் தோற்ற ஜெர்மனியிடமிருந்து பறித்த யுங்கர்ஸ் 52 விமானங்கள். ஆமாம், ஹிட்லரின் படைக்குப் பாராசூட் வீரர்களைச் சுமந்த அதே மூன்று எஞ்சின் யுங்கர்ஸ். அதில் பிரிட்டிஷ் பயணிகளை ஏற்றி பெல்ஃபாஸ்ட்டுக்கு ஓட்டினார்கள். அப்படிப்பட்ட காலம் அது. இந்த யுங்கர்ஸ் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே அத்தியாயத்தில் இன்னொரு முறை வரும்.

இப்படி எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய மனிதர், ஓய்வு கிடைத்தால் எஞ்சின் இல்லாததில் ஏறினார். 1948-ல் சுவிட்சர்லாந்தின் சமேடனில் நடந்த உலகப் போட்டிக்கும் போனார். அந்தப் போட்டி பிரிட்டிஷ் அணிக்குக் கெட்ட கனவு. கிட் நிக்கல்சன், டொனால்ட் கிரெய்க் என்று இரண்டு பேரை ஆல்ப்ஸ் மலை தின்றுவிட்டது. டன்ஸ்டபிள் கிளப் கட்டடத்தை வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர் இந்த நிக்கல்சன்தான். தான் வரைந்த கட்டடத்தின் வாசலிலிருந்து பல நூறு பேர் பறக்கக் கற்றுக்கொள்ளப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதே ஆண்டு வில்ஸ் பி.இ.ஏ.யை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு பிரிட்டிஷ் கிளைடிங் சங்கத்தின் தலைவரானார். 1968 வரை, ஏறக்குறைய இருபது வருடம், அந்த நாற்காலியில் இருந்தார். 1952-ல் மாட்ரிட்டில் உலக சாம்பியன். 1954-ல் நியூசிலாந்தின் குக் மலைக்கு மேலே அலைக்காற்றைப் பிடித்து 30,000 அடிக்கு மேல் ஏறினார். இவையெல்லாம் கோப்பைக்குரிய சாதனைகள். என் மதிப்பில் அவருடைய பெரிய சாதனை காகிதத்தின் மேல் நடந்தது. பயணிகள் விமானங்கள் பெருகப் பெருக, வானத்தைக் கூறுபோட்டு, இது விமானப் பாதை, இங்கே உனக்கு இடமில்லை என்று கோடு கிழிக்க அமைச்சகம் கிளம்பியது. கிளைடருக்கும் உரிமம், சான்றிதழ், கட்டணம் என்று வலை பின்னப் பார்த்தது. வில்ஸ் விடவில்லை. எங்கள் பாதுகாப்பை நாங்களே பார்த்துக்கொள்வோம், எங்கள் ஆய்வாளர்களை நாங்களே நியமிப்போம் என்று கடிதம் மேல் கடிதம், கூட்டம் மேல் கூட்டமாகப் போராடி வென்றார். விமான நிறுவனத்தின் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் என்பதால், எதிர்த்தரப்பு எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அமைச்சக அதிகாரிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. ஒரு பருந்துக்கு உரிமம் கேட்கிற மனநிலை அது.

வில்ஸைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தொடரின் நாயகர் அவரல்லர். போருக்குப் பிந்தைய கிளைடிங் கிளப்பின் உயிர் எது என்று கேட்டால், நான் இரண்டாவது மனிதரைத்தான் காட்டுவேன்.

சர்ரே கிளப்பை 1938-ல் தொடங்கிய ஆன் வெல்ச் நமக்குப் பழக்கமானவர். ஸ்பிட்ஃபயரும் வெலிங்டனும் ஓட்டிய ஏ.டி.ஏ. பெண் விமானி. கிளப்பை லாஷாமுக்கு நகர்த்தியவர்களில் முன்னால் நின்றவர். 1953-ல் அவர் மணந்துகொண்டவர் லார்ன் வெல்ச். லாஷாம் கதையில் லார்ன் அடிக்கடி வருவார். வந்தாலும் பின்வரிசையிலேயே நிற்பார். அதனால்தான் அவருடைய முன்கதையை இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

லார்ன் வெல்ச் குண்டுவீச்சு விமானி. 1942-ல் ஜெர்மானியர் கையில் சிக்கி, விமானப்படைக் கைதிகளுக்கான ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்குப் போனார். 1943 ஜூனில் ஒரு நாள், பேன் மருந்துக் குளியலுக்கு அழைத்துப் போவதுபோல ஒரு கூட்டத்தை, ஜெர்மன் காவலர் வேடமிட்ட இரண்டு கைதிகள் வாயிற்கதவு வழியாகவே வெளியே நடத்திப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் வெல்ச்சும் இருந்தார், அவர் நண்பர் வால்டர் மோரிசனும் இருந்தார். மற்றவர்கள் ரயிலுக்கும் காட்டுக்கும் ஓடினார்கள். இவர்கள் இருவரும் ஜெர்மன் விமானப்படை உடையைப் போட்டுக்கொண்டு, நேராக ஒரு விமான நிலையத்துக்குப் போனார்கள். விமானத்தைத் திருடி ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது எண்ணம்.

அங்கே ஒரு யுங்கர்ஸ் நின்றுகொண்டிருந்தது. வில்ஸின் மூன்று எஞ்சின் யுங்கர்ஸ் இல்லை, அதைவிடச் சிறிய ஒற்றை எஞ்சின். ஏறிக் கிளப்பப் போகிற நேரத்தில் அதன் உண்மையான விமானிகள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள், இவர்களைத் தங்கள் ஊழியர்கள் என்று நினைத்து, எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார்கள். இரண்டு பிரிட்டிஷ் கைதிகளும் வாய் திறக்காமல் சுற்றிக் கொடுத்தார்கள். விமானம் இவர்கள் கண்ணெதிரே ஏறிப் போய்விட்டது. மறுநாள் வேறொரு விமானத்தில் முயன்றபோது பிடிபட்டார்கள். தண்டனையாக அனுப்பப்பட்ட இடம் கோல்டிட்ஸ்.

கோல்டிட்ஸ் கோட்டையைத் தெரியாதவர்கள் இந்தத் தொடரின் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். சாக்சனியில், முல்டே ஆற்றுக்கு மேல் பாறை உச்சியில் நிற்கும் கற்கோட்டை. திரும்பத் திரும்பத் தப்பிக்கப் பார்த்த அதிகாரிகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு அடைத்தார்கள். திருடர்களை எல்லாம் ஒரே தெருவில் குடிவைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பூட்டு திறப்பவர், சீருடை தைப்பவர், முத்திரை செதுக்குபவர் என்று எல்லாக் கைத்தொழிலும் அங்கே கிடைத்தது. சுரங்கம் தோண்டாத மூலை இல்லை. காவலர்களின் கண் முழுக்கத் தரையில் இருந்தது. பரணை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

கோட்டைக்குள் இருந்த தேவாலயத்துக்கு மேலே இருந்த கூரையின் முகடு ஒன்று காவலர்களின் பார்வைக்கு எட்டாமல் இருப்பதை டோனி ரோல்ட் என்ற ராணுவ அதிகாரி கண்டார். அதைக் கேட்டவுடன் ஓடுபாதையாக நினைத்துப் பார்த்தவர் பில் கோல்ட்ஃபின்ச். கடல்விமானி. அவருடைய கூட்டாளி ஜாக் பெஸ்ட். முகட்டிலிருந்து ஒரு கிளைடரைப் பறக்கவிட்டால், சுமார் 60 மீட்டர் கீழே, ஆற்றுக்கு அப்பால் உள்ள புல்வெளியில் இறங்கலாம். இரண்டு பேர் போகலாம்.

கிளைடரை எப்படி வடிவமைப்பது? இங்கேதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். சிறை நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. லாட்டிமர்-நீதம் எழுதிய விமான வடிவமைப்பு நூல், இரண்டு தொகுதி. இந்தத் தொடரில் இந்தப் பெயர் முதல் அத்தியாயங்களிலேயே வந்தது. 1930-ல் ஆல்பட்ராஸ் என்ற கிளைடரை வரைந்து கட்டி, பிரிட்டனில் வடிவமைத்த முதல் முழுமையான சறுக்கு விமானத்தைத் தந்தவர். வார இறுதிகளில் குன்றுச் சரிவில் கிளைடரைத் தள்ளிக்கொண்டு திரிந்த கூட்டத்தில் ஒருவர்.  அவர் எழுதிய பாடநூலை ஜெர்மானியர்களே கைதிகளின் அலமாரியில் வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். புத்தகம்தானே, அதில் சுரங்கமா தோண்ட முடியும் என்று விட்டிருப்பார்கள். பின்னாளில் ஹோவர்கிராஃப்டுக்குப் பாவாடைபோல் சுற்றிக் கட்டும் ரப்பர் விளிம்பைக் கண்டுபிடித்தவரும் இதே லாட்டிமர்-நீதம்தான். இவருக்கு உரிய புகழ் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

புத்தகத்தை வைத்துக் கோல்ட்ஃபின்ச் வரைந்தார். வரைந்ததைச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலை வெல்ச்சிடம் வந்தது.

சரிபார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். இறக்கைக்குள்ளே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் போகும். அதுதான் முதுகெலும்பு. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். காற்று ஒரு குலுக்குக் குலுக்கினால் விமானத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பாரம் அந்தச் சட்டத்தின் வேர்ப்பகுதியில் வந்து நிற்கும். மரம் தாங்குமா, எவ்வளவு கனத்தில் அறுக்க வேண்டும், எந்த இடத்தில் மெலியலாம் என்று அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட வேண்டும். தொழிற்சாலையில் இதற்கென்று தேர்ந்தெடுத்த மரம் இருக்கும். கோல்டிட்ஸில் இருந்தது தரைப்பலகை. பல தலைமுறை மிதித்த பழைய தரைப்பலகை. அதிலிருந்து அறுத்த சட்டத்தின்மேல் இரண்டு மனித உயிர் உட்காரப் போகிறது. வெல்ச் கணக்கில் தவறினால் ஆற்றின் பாதியிலேயே இறக்கை மடியும்.

பரணின் ஒரு பகுதியை மறைத்துப் பொய்ச்சுவர் எழுப்பினார்கள். அதற்குப் பின்னால் பட்டறை. கிராமஃபோன் சுருள்வில்லில் பல் வெட்டி ரம்பம். மேசைக்கத்தி இழைப்புளி ஆனது. ஆணி துளைக்கருவி ஆனது. கட்டில் சட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான விலா எலும்புகள் இழைக்கப்பட்டன. வால் துடுப்புகளை இயக்கும் கம்பிகள், கோட்டையின் ஆளில்லாப் பகுதிகளில் உருவிய மின்கம்பிகள். இறக்கைக்குப் போர்த்திய துணி, சிறைப் படுக்கை உறைகளின் நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட பருத்தி.

கிளைடர் துணி தளர்வாக இருந்தால் பறக்காது. மேலே ரசாயனப் பூச்சு பூசி, மத்தளத் தோல்போல விறைப்பாக்க வேண்டும். பூச்சுக்கு எங்கே போவது? சிறையில் தினை கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு. அதை வேகவைத்துக் கஞ்சியாக்கித் துணியில் பூசினார்கள். காய்ந்ததும் மொடமொட என்று நின்றது. வேட்டிக்குக் கஞ்சி போடும் நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பசியில் இருந்தவர்கள் அந்தக் கஞ்சியைக் குடிக்காமல் இறக்கைக்குப் பூசினார்கள் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு எழுத்து நகர மறுக்கிறது.

முடிந்தபோது அதன் இறக்கை நீளம் சுமார் 32 அடி. உடல் 20 அடிக்குச் சற்றுக் குறைவு. எடை சுமார் 109 கிலோ. ஏவுவதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். குளியல் தொட்டி ஒன்றில் கான்கிரீட் நிரப்பி, கயிற்றில் கட்டி, கோட்டைக்குள்ளே சுமார் 60 அடி கீழே விழவிட வேண்டும். கயிற்றின் மறுமுனை கப்பிகள் வழியாகக் கிளைடரில். தொட்டி விழ, முகட்டின்மேல் மேசைப்பலகை பரப்பிய பாதையில் கிளைடர் இழுபட்டு, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் தள்ளப்படும். கிணற்றில் வாளி இறங்க ஏற்றம் மேலே எழும் அதே விசைதான்.

1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3-ல் பெருங்கூட்டமாகத் தப்பியவர்களில் 50 பேரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். வெல்ச்சின் பழைய முகாம் அது. அதற்குப் பிறகு தப்பிப்பது விளையாட்டு அல்ல என்று எல்லோருக்கும் புரிந்தது. கோல்டிட்ஸைச் சாகசப் பள்ளிக்கூடமாகக் காட்டும் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. அது சரியல்ல. கிளைடர் தயாரானபின் அதைக் கைதிகளின் மூத்த அதிகாரி, கடைசி நேர ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார். எஸ்.எஸ். படை கைதிகளைக் கொல்ல வந்தால், வெளியே செய்தி சொல்ல இரண்டு பேராவது பறக்கட்டும் என்று.

அந்த நேரம் வரவில்லை. 1945 ஏப்ரல் நடுவில் அமெரிக்கப் படை வந்து கோட்டையைத் திறந்துவிட்டது. பரணில் நின்ற கிளைடரை ஒரு போர்ச் செய்தியாளர் படம் எடுத்தார். அந்த ஒரே படம் மிஞ்சியது. கிளைடர் மிஞ்சவில்லை.

வீடு திரும்பிய வெல்ச் என்ன செய்தார்? 1946 ஜனவரி முதல் தேதி பிரிட்டனில் சிவில் விமானப் பறப்புக்குத் தடை நீங்கியது. மறுபடியும் கிளைடர். இந்த முறை ராணுவம் கழித்துப்போட்ட பலூன் வின்ச்சுகள், ஸ்லிங்ஸ்பி தொழிற்சாலையின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். ஆனும் லார்னும் இம்பீரியல் கல்லூரியின் ஃபிராங்க் இர்விங்கும் சேர்ந்து கிளைடர் விமானிக்கு ஒரு நூல் எழுதினார்கள். பின்னர் வெல்ச்சும் இர்விங்கும் ஈகிள் என்ற இரட்டை இருக்கைக் கிளைடரில் லாஷாமிலிருந்து கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பெல்ஜியத்தில் இறங்கினார்கள். எஞ்சின் கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு நின்ற மனிதர், கடைசியில் எஞ்சினே வேண்டாம் என்று கடல் கடந்தார்.

விமான நிறுவன ஊழியர்களின் கிளப்புகள் பற்றி எழுத வந்தவர் ஏன் சிறைப் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்று கேட்கலாம். காரணம் இதுதான். பயணிகள் விமானத்தில் ஒரு தொழிலாளி ஒரு திருகாணியை மட்டும் முடுக்குவார், ஒரு எழுத்தர் ஒரு படிவத்தை மட்டும் நிரப்புவார், விமானி தான் கட்டாத ஒன்றை ஓட்டுவார். கிளைடிங் கிளப்பில் அதே ஆட்கள் இறக்கையைத் தோளில் சுமந்து, துணி ஒட்டி, வின்ச் ஓட்டி, கணக்கு எழுதி, முறை வந்ததும் பறந்தார்கள். மேலாளரும் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருவர் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் கிளப் நடக்கும். லாட்டிமர்-நீதம் எழுதி வைத்தது கோல்ட்ஃபின்ச்சுக்குப் போய், கோல்ட்ஃபின்ச் வரைந்ததை வெல்ச் சரிபார்த்தாரே, அதுவும் ஒரு கிளைடிங் கிளப்தான். சந்தா இல்லை, திடல் இல்லை, கதவுக்கு வெளியே காவலன் நின்றான், அவ்வளவுதான் வித்தியாசம். வில்ஸ் அமைச்சகத்திடம் எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று வாதாடியபோது, அந்த வாதத்துக்கு வெல்ச்சைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்க முடியாது.

லாஷாம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. 1951-ல் ராணுவக் கிளப்பும் சர்ரே கிளப்பும் இம்பீரியல் கல்லூரியும் ஒரே திடலில் சேர்ந்தது, 1954-ல் டான்-ஏர் நிறுவனம் பக்கத்துக் கொட்டகைக்கு வந்து பயணிகள் விமானங்களும் கிளைடர்களும் ஒரே ஓடுபாதையைப் பங்குபோட்டது, 1961 நவம்பர் 9 அன்று அங்கே டெரெக் பிகட் மனிதக் காலின் மிதிவலிமையால் மட்டுமே தரையைவிட்டு எழுந்தது, எல்லாம் வரும்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 2000-ல் கோல்டிட்ஸ் கிளைடரை அதே அளவில் மீண்டும் கட்டி, லாஷாமுக்கு அருகிலேயே இருக்கும் ஓடிஹாம் விமானப்படைத் தளத்தில் ஆள் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. அழகாகப் பறந்து இறங்கியது. கோல்ட்ஃபின்ச்சும் பெஸ்ட்டும் ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தார்கள். கணக்கைச் சரிபார்த்த லார்ன் வெல்ச் அங்கே இல்லை. 1998-ல் இறந்துவிட்டார்.

(தொடரும்)